மஞ்சக் குண்டைச் சுற்றிய புள்ளிகள்

கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நிர்மலாதேவியின் உத்தியோகம். ஆனால் அவள் கடலைக் கண்ணால் பார்த்து வெகுநாளாகிவிட்டது.

புதுச்சேரியைத் தாண்டி வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்தது அவள் வேலை பார்த்த அலை நிலையம். மொட்டை மாடியில் ஒரு கம்பத்தின் தலையில் ஆள் நீளத்துக்கு ஒரு பட்டை ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். கப்பல்களில் இருக்கிற அதே ராடார்தான். கப்பல்காரன் அதை வைத்து எதிரே வரும் கப்பலைத் தேடுவான். இங்கே அதை வைத்து அலையைத் தேடினார்கள். காற்றில் சிலிர்த்துக் கிடக்கும் கடல்மேல் அதன் கதிர் பட்டுத் திரும்பினால், கீழே ஏசி அறையில் இருக்கும் திரையில் வரி வரியாகப் படம் விழும், அப்போதுதான் ஏர் ஓட்டிய புன்செய் போல. அலைக்கும் அலைக்கும் எவ்வளவு இடைவெளி, எந்தத் திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அந்த வரிகளிலேயே இருக்கும். உயரம் மட்டும் இருக்காது. நிழலைப் பார்த்து ஆளின் உயரத்தைச் சொல்வதுபோல அதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கணக்கைச் சரிபார்க்கத்தான் கனகசெட்டிக்குளத்துக்கு நேரே கடலில் ஒரு மஞ்சள் மிதவையை நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். அலையோடு அலையாக ஏறி இறங்கி, எவ்வளவு ஏறினோம் என்று அது கரைக்குச் சொல்லும். போன வருஷம் ஆடியிலும் ஆவணியிலும் மிதவை சொன்னதையும் ராடார் காட்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்கை அமைத்தவள் நிர்மலாதேவி. அதிலிருந்து தினமும் காலையில் அவள் அனுப்பும் எண்ணைத்தான் கனகசெட்டிக்குளத்து மீன் ஏலக் கொட்டகையில், ஒரு பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வைத்தார்கள். இன்றைக்கு அலை இத்தனை மீட்டர் என்று.

ஆரம்பத்தில் அதில் அவளுக்குப் பெருமை இருந்தது. பிறகு அலுப்புதான் மிஞ்சியது. வருஷத்துக்கு வருஷம் நீட்டித்துக் கொடுக்கும் ஒப்பந்த வேலை. ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடும்போது முழங்கால் விண்ணென்று தெறிக்கும். கணவர் கலைவாணனுக்குச் சேதராப்பட்டுக் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். அவர் செருப்பைக் கழற்றும்போது இவள் செருப்பை மாட்டுவாள். புருஷன் பெண்டாட்டி பேச்செல்லாம் அந்த வாசற்படியோடு சரி. யாராவது என்ன வேலை என்று கேட்டால், கடல் ஆபீஸ், ராடார் என்று விளக்கிச் சொல்லத் தெம்பில்லாமல் “கம்ப்யூட்டர் வேலை” என்று முடித்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கருவடிக்குப்பத்தில் அவள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் மணியம்மாளிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். மணியம்மாள் கனகசெட்டிக்குளத்துக்காரி. கூடையை வாசலில் இறக்கி, மீனை ஆய்ந்து, கழுவிக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஒரு கைப்பிடி பொடிமீனை அள்ளிப் போட்டு, “இது பூனைக்கு” என்பாள். அந்த வீட்டில் பூனை கிடையாது. அது இருவருக்கும் தெரியும். நிர்மலாதேவியும் உள்ளே போய்ப் பெரிய எவர்சில்வர் தம்ளரில் சூடாகத் தேநீர் கொண்டுவந்து, “மிஞ்சிப் போச்சுக்கா, கொட்ட மனசு வரலை” என்பாள். அதுவும் பொய்தான். இப்படிப்பட்ட பொய்களை ஆண்டவன் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் மணியம்மாள் தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“தங்கச்சி, கண்ணு டாக்டரு யாரனா தெரியுமா உனுக்கு?”

யாருக்கு என்று கேட்டாள் நிர்மலாதேவி. தன் வீட்டுக்காரருக்குத்தான் என்றாள் மணியம்மாள். பெரியாஸ்பத்திரியில் காட்டியாயிற்று. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் நம்பவில்லை. இன்னொரு டாக்டரைப் பார்க்க வேண்டுமாம்.

பிறகு மெல்ல மெல்ல விஷயம் வந்தது. அவள் புருஷன் கன்னியப்பன் ஃபைபர் போட்டில் இஞ்சின் பிடித்து ஓட்டுபவர். ஊரில் நல்ல பெயர். கார்த்திகையில் ஒருநாள் மீனோடு திரும்பி வரும்போது, கரைக்குக் கிட்டத்தில் அலை மடிந்து விழும் இடத்தில், பின்னால் ஆளுயரத்துக்கு மேல் ஓர் அலை எழும்புவதைப் பார்த்து, அது கடந்து போகட்டும் என்று போட்டின் முகத்தைக் கடல்பக்கம் திருப்பியிருக்கிறார். திருப்பி முடிப்பதற்குள் அலை விலாவில் அடித்ததில் போட்டு கவிழ்ந்துவிட்டது. கூடப்போயிருந்த சிலம்பரசனுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. சிலம்பரசன் வேறு யாருமில்லை, மணியம்மாளின் அண்ணன் மகன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்திருந்த பையன்.

ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. பலகையில் அன்றைக்கு ஒரு மீட்டர் என்று எழுதியிருந்தது. ஒரு மீட்டர் அலைக்குப் பயந்து போட்டைக் குறுக்கே திருப்புகிறவன் கையில் எப்படி இஞ்சினைக் கொடுப்பது என்று கேட்டார்கள். ஆளுயரம் இருந்தது என்று கன்னியப்பன் சொன்னபோது சிரித்தார்கள். இனி அவர் இஞ்சின் பிடிக்கக் கூடாது என்று முடிவாகியது. அதிலிருந்து அவருக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். அவர் கரைப்பக்கம் வந்தால், “பூதக்கண்ணாடி வர்றாரு, அலையெல்லாம் ஒளிஞ்சிக்கோ” என்று இளவட்டங்கள் கத்துவார்களாம். அண்ணன் வீட்டில் பேச்சு வார்த்தை நின்றுவிட்டது.

“ஊரு சொல்றதுகூடப் பரவால்ல தங்கச்சி. அவரே நம்பிட்டாரு. என் கண்ணுதான் பொய் சொல்லிச்சி, நான்தான் பையன முடமாக்கிட்டேன்னு செவுத்தப் பாத்துனு படுத்துக் கெடக்கறாரு. அமாவாச, அம்மனுக்குக் கூழு ஊத்தற நாளு, ஊர்ல சாவு, இதுக்குத்தான் எங்க ஊர்ல கடலுக்குப் போவ மாட்டாங்க. மத்த நாள்ல ஒருநாள் தங்கனதில்ல அவரு.”

அந்த ஒரு மீட்டர் நிர்மலாதேவி அனுப்பியது.

எதையாவது பேச வேண்டுமே என்று, மீன் நன்றாயிருக்கிறதே, எங்கே பிடித்தது என்று கேட்டு வைத்தாள்.

“மஞ்சக் குண்டாண்ட புடிச்சது. கடல்ல ஒரு குண்டு போட்டு வெச்சிக்கீறாங்க. அது நெழல்ல மீனு சேரும். நம்மூரு போட்டெல்லாம் அதுலதான் கயிறு கட்டினு நிப்பாங்க. போன ஆடியிலேர்ந்து அதாலதான் எங்களுக்குச் சோறு.”

பொடிமீனை அள்ளிப் போட்டுவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மணியம்மாள் போய்விட்டாள். அன்று நிர்மலாதேவி குழம்பு வைத்தாள். கலைவாணன் நன்றாயிருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனார். மஞ்சக் குண்டு என்றது தன் மிதவையைத்தான் என்று அவளுக்குச் சோற்றில் கை வைத்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் நிலையத்தில், போன வருஷத்து ஆடி ஆவணிப் படங்களைத் திறந்தாள். அவள் மேசைக்கு வழக்கமாக வருவது துடைத்த படம். வரிகளுக்கு நடுவே படகோ கப்பலோ இருந்தால் பளிச்சென்று புள்ளியாக விழும். அது அலைக் கணக்கைக் கெடுக்கும் என்பதால், முதலிலேயே புள்ளிகளை எல்லாம் துடைத்துவிடும்படி ஏற்பாடு. இன்று அவள் துடைக்காத படத்தை எடுத்தாள்.

மிதவை இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி, தாய்க்கோழியைச் சுற்றிய குஞ்சுகள் போல, ஒரு கூட்டம் புள்ளிகள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. இத்தனை போட்டுகள் கயிறு போட்டு இழுத்துக்கொண்டிருந்தால் மிதவை எப்படி அலையோடு முழு உயரத்துக்கு ஏறும்? பாதி ஏறி, பாதி என்று சொல்லியிருக்கிறது. அதை நம்பி அவள் கணக்கை அமைத்திருக்கிறாள்.

விஷயம் அதோடு முடியவில்லை. கணக்கு அமைத்த காலத்தில் சில நாட்கள் மட்டும் மற்ற நாட்களோடு ஒத்துப்போகவில்லை. அந்த நாட்களில் மிதவை மிக உயரமாகச் சொன்னது. கருவிக் கோளாறு என்று தீர்மானித்து, அவற்றை அவளே கழித்திருந்தாள். இப்போது சுவரில் மாட்டியிருந்த பழைய காலண்டரைத் திருப்பிப் பார்த்தாள். கழித்தவற்றில் இரண்டு நாள் அமாவாசை. ஒன்று ஆடி வெள்ளி. இன்னொன்று ஆவணியில் ஏதோ ஒரு சாதாரணச் செவ்வாய். அன்று கனகசெட்டிக்குளத்தில் யார் வீட்டிலோ சாவு விழுந்திருக்க வேண்டும். அந்த நாட்களின் படத்தில் மிதவை தன்னந்தனியாக நின்றது, பக்கத்தில் ஒரு குஞ்சும் இல்லாமல். மிதவை உண்மை பேசிய நாட்களைப் பார்த்துப் பொறுக்கி எறிந்துவிட்டு, வாய் கட்டப்பட்டிருந்த நாட்களை அவள் நம்பியிருந்தாள்.

அந்த நாலு நாட்களை வைத்துக் கார்த்திகை அலையை மறுபடி கணக்கிட்டாள். இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவாக வந்தது. அதுவும் பெரிய அலைகளின் சராசரிதான். கரையோரம் மடியும்போது ஒரு தனி அலை அதைவிட எழும்பியிருக்கும்.

நிலையத்தின் பொறுப்பாளர் விஜயராகவன் கெட்ட மனிதர் அல்ல. ஓய்வுபெறக் காத்திருக்கும், தூக்கம் குறைந்த மனிதர். எல்லாப் படத்தையும் பொறுமையாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணக்கை இன்றைக்கே திருத்திவிடலாம் என்றார். ஆனால் ஊருக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவள் சொன்னதும் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பங்குனியில நிலையத்தை நீட்டிக்கிறதா வேணாமான்னு முடிவு பண்ணப் போறாங்க, நிர்மலா. இந்த நேரத்துல ஊர்ல போய் நம்ம வாயால சொன்னா நிலையத்துக் கதவைச் சாத்திடுவாங்க. என்னை விடுங்க, நான் போற வயசு. உங்களுக்கு?”

“அந்த ஆளு தன் கண்ணையே சந்தேகப்பட்டுப் படுத்துக் கிடக்கறாரு சார்.”

“தெரியுது.” அவர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். “நான் போங்கன்னும் சொல்லலை. போகாதீங்கன்னும் சொல்லலை.”

சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் சித்தர் கோயிலில் வண்டியை நிறுத்தினாள். கும்பிட்டு நின்றபோது கேட்க எதுவும் தோன்றவில்லை. களைப்பாக இருந்தது. கணக்கைத் திருத்தியாயிற்று, நாளையிலிருந்து பலகையில் சரியான எண் இருக்கும், இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும் என்று மனம் தன் பக்கம் வாதாடியது. நல்ல வாதம்தான். ஆனால் மணியம்மாள் அடுத்த ஞாயிறு வருவாள். பூனைக்கு என்று ஒரு கை அள்ளிப் போடுவாள். அதை எந்த முகத்தோடு வாங்குவது? பெரிய தர்மங்களைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கைப்பிடி மீன்தான் அவளை அசைத்தது.

அமாவாசையன்று அரைநாள் விடுப்புக் கேட்டாள். அன்று போட்டுகள் இறங்காது. ஆண்கள் கரையில் இருப்பார்கள். விஜயராகவன் மறுக்கவில்லை. அவள் கிளம்பும்போது ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே அந்தப் படங்களைப் பெரிதாக அச்சடித்து வைத்திருந்தார். “மூடாக்கா இருக்கு. நனையாம கொண்டு போங்க” என்று மட்டும் சொன்னார்.

கனகசெட்டிக்குளத்தில் அம்மன் கோயிலுக்கு முன்னால், தகரக் கூரையின் கீழ், வலை பின்னிக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பஞ்சாயத்துத் தலைவர் முருகையன். இடுப்பில் கட்டுப் போட்டிருந்த ஒரு பையன் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில், பக்கத்தில் ஊன்றுகோல் சாய்ந்திருக்க. அவன்தான் சிலம்பரசனாக இருக்க வேண்டும். நிர்மலாதேவி மணியம்மாளைத் தேடி, தன் வேலை இன்னது என்று அவளிடம் முதலில் சொல்லி, கன்னியப்பனையும் அழைத்துவரக் கேட்டாள். மணியம்மாள் திரும்பி வீட்டுக்கு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கன்னியப்பன் வந்து, கூட்டத்தின் ஓரத்தில் ஒரு தூணோடு தூணாக நின்றார். சவரம் செய்து பல நாளான முகம்.

“பலகையில எழுதறது நான் அனுப்பற கணக்குங்க,” என்றாள் நிர்மலாதேவி. குரலை உயர்த்தித் தொடர்ந்தாள். “கார்த்திகையில அந்தப் போட்டு கவுந்த அன்னிக்கு ஒரு மீட்டர்னு அனுப்புனேன். அது தப்பு. அலை ரெண்டு மீட்டர் கிட்ட இருந்துது. கரையாண்ட இன்னும் பெருசா இருந்திருக்கும். அவரு பார்த்ததுதான் சரி.”

வலை பின்னிய கைகள் நின்றன. பிறகு ஒரே நேரத்தில் பலபேர் பேசினார்கள். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு எண் போட்டால் இப்படித்தான் என்றார் ஒருவர். அந்தப் பலகையைப் பிடுங்கி அடுப்பில் வை என்றார் இன்னொருவர். பையனின் இடுப்புக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வி வந்தது. அவள் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். முழங்கால் வலித்தது.

முருகையன் கையை உயர்த்தினார். “எப்பிடிம்மா தப்பாச்சி?”

இந்த இடத்தில் அவள் நிறுத்தியிருக்கலாம். தன் பிழை என்று தலைகுனிந்து வந்திருந்தால் ஊருக்கு மரியாதையாகவும் இருந்திருக்கும். ஆனால் நாளைக்கும் கயிறு கட்டுவார்களே. உறையிலிருந்து படத்தை எடுத்துத் தரையில் விரித்தாள். நடுப்புள்ளியைத் தொட்டு, இது மஞ்சக் குண்டு என்றாள். அதைச் சுற்றியிருப்பவை என்ன என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“நம்ம போட்டுடா,” என்றான் ஒருவன்.

அமாவாசைப் படத்தையும் பக்கத்தில் வைத்தாள். குண்டு தனியாக நின்றது. குண்டுதான் அலையை அளந்து தனக்குச் சொல்கிறது, சும்மா விட்டால்தான் அது சரியாக ஏறி இறங்கும் என்றாள். நீங்கள் கட்டியது உங்களுக்குத் தெரியாமல் செய்தது. கட்டியிருக்கிறீர்களா என்று பார்க்காமல் விட்டது என் தப்பு என்றாள். போட்டுகளைத் துடைத்துவிட்டு அலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம் என்றாள்.

முருகையன் குனிந்து படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இதுல என்து எதும்மா?”

ஒவ்வொரு புள்ளியும் எங்கிருந்து கிளம்பி எங்கே திரும்பியது என்று படம் படமாகத் தேடினால் யார் போட்டு எது என்று ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். அவள் தேடவில்லை. தேடவும் போவதில்லை.

“தெரியாதுங்க. எல்லாப் புள்ளியும் ஒண்ணு மாதிரிதான் விழும்.”

“அதுல ஒண்ணு என்து,” என்றது தூணோரத்துக் குரல். கன்னியப்பன் முன்னால் வந்திருந்தார். “நானுந்தான் கட்னேன். மொதல்ல கயிறு போட்டதே நாந்தான்.” படத்தை அவர் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். “ம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னிக்கு நான் பாத்தது நெசந்தானா?”

“நெசந்தாங்க.”

அவர் தலையை ஆட்டினார். மறுபடியும் ஆட்டினார். உட்கார இடம் தேடுகிறவர் மாதிரி கை காற்றில் துழாவியது. யாரும் எதுவும் செய்யத் தோன்றாமல் இருந்த நேரத்தில், சிலம்பரசன் ஊன்றுகோலை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கோலாலேயே தள்ளி, கன்னியப்பனின் முழங்காலில் இடிக்கும்படி கொண்டுவந்து விட்டான்.

“உக்காரு மாமா.”

மூன்று மாதமாக அந்த வார்த்தையை அவன் சொல்லியிருக்கவில்லை. கன்னியப்பன் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நிற்க முடியாத பையனைத் தாங்கிப் பிடிக்க இரண்டுபேர் ஓடினார்கள். பூதக்கண்ணாடி என்று கத்தியவர்களும் அதில் இருந்தார்கள்.

அதன்பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. குண்டில் இனி யாரும் கயிறு கட்டக் கூடாது என்று முருகையன் சொன்னார். அங்கே மீன் நிறையச் சேருமே என்று ஒருவர் முனகினார். கன்னியப்பன் இஞ்சின் பிடிக்கலாமா என்று தனியாக யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. நிர்மலாதேவி படங்களை உறைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மணியம்மாள் தன் வீட்டு வாசலிலேயே நின்றாள். போய்வருகிறேன் என்றதும் உள்ளே போய்விட்டாள். வழியெல்லாம் தூறல்.

அடுத்த ஞாயிறு மணியம்மாள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கோபம் நியாயம்தான் என்று நிர்மலாதேவி எண்ணிக்கொண்டாள். தன் எண்ணால் கெட்ட வீட்டின் மீனையே வாங்கித் தின்றிருக்கிறாள். நிலையத்தில் விஜயராகவன் மேலிடத்துக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பியிருந்தார். அதில் ‘என் பிழை’ என்று எழுதியிருந்தார், ‘அவள் பிழை’ என்று அல்ல. பதில் இன்னும் வரவில்லை. வந்தால் அவள் வேலை போகும், அல்லது போகாது. இரண்டுக்கும் தயாராகும் அளவுக்குத் தெம்பு வேண்டும் என்று மட்டும் அவள் கோயிலில் கேட்டுக்கொண்டாள்.

மூன்றாவது ஞாயிறு வாசலில் கூடை இறங்கும் சத்தம் கேட்டது.

“மீனு கம்மிதான் தங்கச்சி,” என்றாள் மணியம்மாள், நடுவில் எதுவும் நடக்காததுபோல. “குண்டாண்ட போவறதில்ல இப்போ.” அரிவாள்மணையை விரித்துப் போட்டு, கிடைத்த நாலு மீனை ஆய்ந்தாள். அண்ணன் வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டார்கள், அதனால்தான் போன வாரம் வர முடியவில்லை என்றாள். அதற்கு முந்தின வாரம் ஏன் வரவில்லை என்று சொல்லவில்லை. நிர்மலாதேவி கேட்கவும் இல்லை. உள்ளே போய், மிஞ்சிப்போன தேநீரைக் கொண்டுவந்தாள்.

“நாளைக்குப் போறாரு,” என்றாள் மணியம்மாள் தம்ளரைப் பார்த்துக்கொண்டே. “இஞ்சினு புடிக்க. பேச மாட்டன்றாரு. ராவெல்லாம் பொரண்டு பொரண்டு படுக்கறாரு.” கூடையின் அடியைத் துழாவினாள். அங்கே ஏழெட்டுப் பொடிமீன்தான் இருந்தது. அதையும் எடுத்துப் போட்டாள். “பூனைக்கு.”

மறுநாள் காலையில் அலை ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. எண்ணை அனுப்புவதற்கு முன் நிர்மலாதேவி துடைக்காத படத்தை ஒருமுறை திறந்தாள். இப்போதெல்லாம் தினமும் திறக்கிறாள். குண்டு தனியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா. தனியாகத்தான் இருந்தது. கனகசெட்டிக்குளத்துக் கரையிலிருந்து சில புள்ளிகள் வரிகளைக் கடந்து வெளியே போய்க்கொண்டிருந்தன. எது யாருடையது என்று தெரியாது. எல்லாப் புள்ளியும் ஒன்று மாதிரிதான் விழும். அவை எல்லாம் மடியும் அலையைத் தாண்டி ஆழத்துக்குப் போய்ச் சேரும்வரை அவள் படத்தைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.